சிரிப்புச் சத்தம் வேண்டாம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலியும் எங்களோடு நன்றாகவே இருக்கிறது. நீ நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு வெறும் ம் என்றாய் பார், அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ எடுத்த நகைச்சுவைத் தொடரை வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் நடுநடுவே கூட்டம் சிரிக்கிற மாதிரி சிரிப்புச் சத்தம் சேர்க்கச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் எங்கே சிரிப்பது என்று ஜனங்களுக்குத் தெரியாதாம், சேர்க்காவிட்டால் தொடரே வேண்டாமாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், பேசாமல் சரி என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாய். அதற்கு என் பதில் இது. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் நான் டோக்கன் கொடுக்கிற மேசைக்கு எதிரே ஒரு டிவி உண்டே, அதில் முன்பெல்லாம் செய்திதான் ஓடும், ஒரு வலியோடு வந்தவர்கள் இரண்டு வலியோடு உள்ளே போவார்கள். நீ எனக்குப் பழக்கிவிட்ட தொடர்களை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒன்றொன்றாகப் போட ஆரம்பித்தேன். நிஜமான ஆவணப்படம் மாதிரியே எடுத்து, முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பேட்டி கொடுத்து, பேசுவதெல்லாம் கிறுக்குத்தனமாக இருக்குமே, அந்த வகைதான். இப்போது வருகிறவர்கள் பல்லைப் பற்றிக் கேட்பதற்கு முன் அடுத்து எதைப் பார்க்கலாம் அக்கா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். டாக்டர் மாத்திரை எழுதுகிறார், நான் தொடர் எழுதிக் கொடுக்கிறேன். புதுசாக வருகிறவர்களுக்குத் தீயே பிடிக்காத ஊரின் தீயணைப்பு நிலையம், அது லேசானது, அவர்கள் வளர்க்கிற பூனையையே தினமும் காப்பாற்றி அறிக்கை எழுதுவார்கள். அது பிடித்துவிட்டால் குடியிருப்புச் சங்கக் கூட்டம், தலைவர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கடைசிவரை அங்கிருந்தே கூட்டம் நடத்துவார். வேர் சிகிச்சைக்காகத் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு வானிலை ஆபீஸ், ஜன்னல்மேலேயே வானிலை வரைபடத்தை மாட்டி வைத்திருக்கிறாரே அந்த அதிகாரி, அவர் ஒருவருக்காகவே பார்க்கலாம். இரண்டு பாகம் பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதில் நான் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டீர்கள் என்று சொல்லி அனுப்புவேன். நீயும் அந்த லிப்ட் கூட்டத்தை இன்னொரு தடவை பார். யாருமே வாய் திறக்காத இடத்தில்தான் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய உன் 'வரிசைத் துறை' தொடரின் முதல் பாகத்தைப் போட்டேன், என் மகள் எடுத்தது என்று மூச்சுவிடவில்லை. அப்பாவும் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்து உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, நடக்காததை நடந்தது போலக் காட்டுவதற்குப் பெயர் பொய், இதற்கா படிக்க வைத்தேன் என்று இன்னமும் முனகிக்கொண்டிருந்தார். முதலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வரிசைகளை ஒழுங்குபடுத்தவே இருக்கிற அந்த அரசு ஆபீஸின் ஊழியர்களே கையெழுத்துப் போட வரிசையில் நின்று நின்று, முறை வரும்போது சாயங்காலமாகி, வந்ததற்கும் போவதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார்களே, அதற்கும் சிரிக்கவில்லை. அப்புறம் பார்த்தால் பல் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சோடு இருந்த ஒரு டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அழுகிறார். அழுகை இல்லையடி, சிரிப்பு. சத்தம் போட முடியாமல் என்னை முறைத்து முறைத்துச் சிரித்தார்.

அவர் பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் மட்டும் சிரிக்கவேயில்லை. கோபமாகத் திரும்பி, "இந்த ஆபீஸ்ல நானும் நின்னிருக்கேன். அந்த மூணாவது ஜன்னல் அம்மா இருக்காங்களே, ரொம்ப மோசம்" என்றார். மாடிப்படி எந்தப் பக்கம், எந்த மின்விசிறி சுற்றாது என்றுகூடச் சொன்னார். இன்னொருத்தர், அதெல்லாம் பழைய கதை, ஆபீஸை இப்போது வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். கேட்டாயா, ஒரு செங்கல்கூட இல்லாமல் நீ உன் தலைக்குள் கட்டிய ஆபீஸ், அதற்குள் ஆள் போய் நின்று கால் வலித்துத் திரும்பி வந்திருக்கிறான், இடம்வேறு மாற்றிவிட்டார்கள். எனக்குப் பெருமையில் டோக்கனெல்லாம் மாறிப்போனது. நடுவில் யாரோ ஹா ஹா என்று சிரித்திருந்தால் அந்த டிரைவர் உன் ஆபீஸுக்குள் போயிருப்பாரா, நீயே சொல். சிரிப்பு வருகிறவனுக்கு இடம் காட்ட வேண்டாம், வராதவனுக்குக் காட்டியும் பயனில்லை. அந்தக் கம்பெனி இல்லையென்றால் இன்னொரு கம்பெனி. கொஞ்ச நாள் கையைக் கடித்தால் சொல், நாங்கள் எதற்கு இருக்கிறோம்.

கடைசியில் உன் பெயர் வந்தது. சட்டென்று ஓடிவிடுகிறது, அதைக் கொஞ்சம் நிறுத்து என்றார் அப்பா. நிறுத்தினேன். எழுந்து கிட்டே போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். தெரிந்தவங்களா என்று டிரைவர் கேட்டதும், "எம் பொண்ணு. அங்கதான் வேலை பாக்குறா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியென்றால் வரிசையைக் கொஞ்சம் சீக்கிரம் நகர்த்தச் சொல்லுங்கள் ஐயா என்று டிரைவர் கும்பிடாத குறையாகக் கேட்க, பொய்யே சொல்லத் தெரியாத உன் அப்பா முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல், "சொல்றேன். ஆனா மனுவை நீங்க முதல் ஜன்னல்லதான் குடுக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தார். தண்ணீரையும் மீறிக் கேட்டது.

நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழ்வாய். மாதக் கடைசியை மறந்துவிடாதே, முடியாது என்பதை மரியாதையாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

வரிசைத் துறை அதிகாரியைப் பெற்றெடுத்த,
அம்மா