குறுக்கே வராத ஆடும் டிப்பரில் மாட்டிய ஸ்டீரியோவும்

பிப்ரவரி 2, திங்கள்

பனி. எட்டு மணியாகியும் எதிர்வீடு தெரியவில்லை. டிப்பருக்கு டீசல், ரேடியேட்டருக்குத் தண்ணீர், மூக்குக்குத் துண்டு.

முதலில் ஒன்றை எழுதித் தொலைக்கிறேன். ஆடு குறுக்கே வரவில்லை. ஆடே கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகிற வழியில், குன்னம் பக்கம் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தால் சுற்றிலும் மக்காச்சோளம். செத்து மேலே வந்துவிட்டோம், இங்கேயும் மக்காச்சோளம்தான் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

சோளக் காட்டுக்காரர் ஓடி வந்தார். "என்னாண்ணே ஆச்சு?"

"ஆடு குறுக்க வந்துருச்சுங்க. கறுப்பு ஆடு."

திருவிழாப் பட்டிமன்றங்களில் மூன்றாவது பேச்சாளராக இருந்த வாய். கேட்காமலே விவரம் சேர்க்கும். நிறம் யார் கேட்டார்கள்?

"அய்யய்யோ, ஆட்டுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார். என்னைப் பற்றி விசாரிக்கவில்லை.

மனைவி மலரிடமும் (இனி ம. கை சோம்பல்) ஆடுதான். உண்மை தெரிந்தால் சாவியைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுவிடுவாள். நியாயம்தான். சோளம் நின்ற இடத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நின்றிருந்தால்? இந்த இடம் வந்ததும் யோசனையை நிறுத்திவிடுகிறேன். மறுபடி வருகிறது.

இத்தனை வருடத்தில் வண்டியில் கண்ணயர்ந்ததில்லை. வயசு, வேறென்ன. ஐம்பத்திரண்டு. வைத்தியமும் யோசித்துவிட்டேன்: பாட்டு. காதுக்குள் தவில் வாசித்தால் எவன் தூங்குவான்? பழைய டேப் இருந்த ஓட்டையில் இப்போது எலுமிச்சம்பழமும் ஊதுபத்தியும். அவை இடம் மாற வேண்டும்.

இன்று காலை ஒரு நடை மட்டும். மத்தியானம் பயந்து போகவில்லை. ம.விடம் "ஸ்பிரிங் சரியில்ல" என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். லோடு இல்லை.

பெரம்பலூரில் ஸ்டீரியோ வாங்கினேன். கடைக்காரப் பையன், "என்னா காருங்க?" என்றான். காரா என்று கேட்காமல் என்ன கார் என்று கேட்டது பிடித்துப் போனது. "பழைய காருப்பா" என்றேன்.

குவாரித் தூசிக்கு மூக்கு ஒழுகுவது நிற்கிறபாடில்லை. மெடிக்கலில் போன வாரம் வாங்கிய மாத்திரை நன்றாகக் கேட்கிறது. சோற்றுக்குப் பிறகு ஒன்று போட்டுக்கொண்டு வயரிங் வேலையில் இறங்கினேன். மஞ்சள் வயர் நேராக பேட்டரிக்கு. சிவப்பு சாவிக்கு. கறுப்பு எர்த்துக்கு. போனில் ஒருவர் இந்தியில் விளக்கினார். கை ஜாடை புரிந்தது.

பெட்டி ஒரு வினாடி நீலமாக எரிந்தது. உள்ளிருந்து ஒரு பெண் "வெல்..." என்றாள். புகை.

கார் ஸ்டீரியோவுக்குப் பன்னிரண்டு வோல்ட். என் வண்டியில் ரெண்டு பேட்டரி, இருபத்து நாலு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்திருக்கிறேன். மூளையில் பஞ்சு அடைத்தது போல இருக்கிறது இப்போதெல்லாம்.

ம. சமையற்கட்டிலிருந்து: "என்னாங்க கருகுற வாசன?"

"ஊதுபத்தி."

"ஊதுபத்தி பிளாஸ்டிக்குலயா செய்யறான்? ஆமா, இப்ப எதுக்குப் பாட்டு? அம்பது தாண்டுன ஆம்பள திடீர்னு பாட்டு கேட்டா வூட்டுல விசாரிக்கணுமாம். எதிர்வூட்டு சரோஜா சொல்லுது."

சரோஜாவின் வீட்டுக்காரர் முடிக்குச் சாயம் அடித்தபோது நாங்கள் விசாரித்தோமா? விசாரித்தோம். அது வேறு.

பிப்ரவரி 4, புதன்

அரியலூர். எலக்ட்ரீசியன் காதர் பாய். கை வேலை செய்வதைவிட வாய் அதிகம் செய்யும். என் இனம்.

பெட்டியைப் பிரித்து மோந்து பார்த்தார். "யாரு வேலை பாத்தது?"

"பெரம்பலூர்ல ஒருத்தன்."

"அவனை இனிமே டார்ச் லைட்டுகூட தொட விடாதீங்க."

"சரிங்க பாய்."

ஃபியூஸ்தான் போயிருக்கிறது, உசுரு இருக்கிறது என்றார். இருபத்து நாலைப் பன்னிரண்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் திருச்சியிலிருந்து வர வேண்டும். அதுவரை ரெண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்துக் கொடுத்தார். பாடியது. "வெல்கம்" என்று முழுதாகச் சொன்னாள்.

சாப்பாடு, மாத்திரை, குவாரி. எடைமேடை வரிசையில் நின்றேன். பாட்டு முழுச் சத்தத்தில்.

அடுத்து நினைவிருப்பது, எவனோ என் கன்னத்தைத் தட்டுவது. பின்வண்டி டிரைவர். "அண்ணே! அண்ணே! ஆரன் அடிச்சி அடிச்சி கை வலிக்குது. செத்துட்டீங்களோன்னு நெனச்சேன்!"

"பாட்டு கேட்டுட்டிருந்தேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"ரசிக்கறப்ப அப்படித்தான்."

தவில் காதுக்குள் அடிக்கிறது, நான் தூங்குகிறேன். வண்டி நின்றிருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது முழு வழியும் முப்பதுக்கு மேல் போகவில்லை. சைக்கிள் ஒன்று முந்திப் போனது. வண்டியை விற்றுவிடலாமா? விற்றால் நான் என்ன? வீட்டில் பேசிக்கொண்டே இருப்பேன். ம. தாங்க மாட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

பனி இல்லை. பாவம் வந்தது, வாசல் தேடி.

குன்னத்திலிருந்து அஞ்சலை என்றொரு அம்மா. பஸ்ஸில் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவருடைய ஆட்டைக் காணோம். கறுப்பு ஆடு. வண்டிக் கதவில் எழுதியிருந்த என் விலாசத்தைக் காட்டுக்காரர் கொடுத்திருக்கிறார்.

"நீங்க பாத்தீங்களாம்லண்ணே. எந்தப் பக்கம் ஓடிச்சு? சினை ஆடுண்ணே அது."

ம. பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றாள். "சொல்லுங்க. நீங்கதான் நல்லா பாத்தேன்னீங்களே."

இல்லாத ஆட்டுக்கு ஒரு திசை வேண்டும். கை தானாக எழுந்தது. "கெழக்கால. முந்திரிக்காட்டுப் பக்கம்."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இந்த வெயிலில் கிழக்கே. ஆடு மேற்கே போயிருந்தால்? வாசலில் வைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ம. உள்ளே போகட்டும் என்று பார்த்தேன். போகவில்லை.

சோறு இறங்கவில்லை. மாத்திரை மட்டும். படுத்தேன். நாலரைக்கு எழுந்தேன். குற்ற உணர்ச்சி உள்ளவன் இப்படியா தூங்குவான்?

பிப்ரவரி 6, வெள்ளி

வண்டி எழவில்லை. சாவி திருப்பினால் இருமல் மட்டும். காதர் பாயை வரவழைத்தேன். பேட்டரியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒத்த மாட்டையே ஏர்ல கட்டி ஓட்டுனா படுக்காம என்னா செய்யும்? எவண்ணே ஒரு பேட்டரில இருந்து மட்டும் எடுத்தது?"

"நீங்கதான் பாய்."

கொஞ்சம் யோசித்தார். "நானா? அப்ப காரணமாத்தான் எடுத்திருப்பேன்."

கன்வெர்ட்டர் மாட்டினார். மஞ்சள், சிவப்பு, கறுப்பு எல்லாம் புது இடத்துக்கு. முடிந்தபோது மூன்று மணி. அட்டையில் கடைசி மாத்திரையும் தீர்ந்தது. லோடு போகவில்லை.

ம. நாளை அரியலூரில் தோழி மகள் வளைகாப்புக்கு என்னோடு வருகிறாளாம், டிப்பரில். "பஸ்ஸுல பட்டுப் பொடவ கசங்கும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் தூங்கினால்? சாவி போவது இருக்கட்டும்.

பிப்ரவரி 7, சனி

இளவெயில். வண்டி கிளப்பியதும் "வெல்கம்."

"யாரு அவ?" என்றாள் ம.

விருந்தில் பாயசம் ரெண்டு தடவை. திரும்பும் வழியில், தூக்கம் இதோ வரும் என்று ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். வரவில்லை! கண் தெளிவாக, சாலை தெளிவாக. தும்மினேன், பாடினேன், பாட்டோடு சேர்ந்து தாளம் போட்டேன். ம. "ஓட்டுறதப் பாருங்க" என்றாள். பார்த்தேன்! அத்தனையும் பார்த்தேன்!

குன்னத்தில் ஒரு அம்மா கை காட்டி நிறுத்தினார். அஞ்சலை. கயிற்றில் கறுப்பு ஆடு. "நீங்க சொன்ன மாதிரியே கெழக்கால முந்திரிக்காட்டுலதாண்ணே நின்னுச்சு!" மடி நிறையச் சின்ன வெங்காயம். வாங்க மறுத்தேன். ம. வாங்கிக்கொண்டாள்.

ம. ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுவா?"

"இதேதான்."

ஆடு என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் பார்த்தது.

எழுதிவைக்கிறேன்: ஸ்டீரியோ உயிர் காத்தது. திங்கள் முதல் மத்தியானமும் லோடு.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேகம். நேற்றிலிருந்து ஓயாத தும்மல். மெடிக்கலுக்குப் போய் அதே மாத்திரை கேட்டேன். அந்தப் பெண் எடுத்துக்கொண்டே, "ராத்திரி நல்லா தூக்கம் வருதாண்ணே?" என்றாள்.

"ராத்திரி ஏம்மா? மத்தியானச் சோத்துக்கப்புறம்ல போடறேன்."

அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அன்னிக்கே சொன்னேன்லண்ணே, படுக்கப் போறப்ப போடுங்கன்னு. பகல்ல போட்டா மனுசன் எந்திரிக்கவே மாட்டான். நல்லவேள, நீங்க வண்டி கிண்டி ஓட்டல போல."

நேற்று மாத்திரை இல்லை.