மாப்பிள்ளை கிண்டும் நூடுல்ஸ்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை, நீ போனில் அனுப்பியிருந்த நீளமான மெசேஜைப் படித்தாலே தெரிகிறது, மனசு சரியில்லாதவர்களுக்கு அவ்வளவு கோர்வையாக எழுத வராது. உன் வீட்டுக்காரரோடு இனிமேல் சேர்ந்து வாழ விருப்பமில்லை, சண்டை ஒன்றும் இல்லை, நடுவில் வேறு யாரும் இல்லை, தனியாக இருந்து பார்த்ததில் இதுதான் நிம்மதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சரி. ஆனால் அதை அவரிடம் நீ சொல்ல மாட்டாய், நான் சொல்ல வேண்டும். அதற்கு நீ கண்டுபிடித்த காரணத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்குத்தான் அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காதே அம்மா, நீ சொன்னால் சுலபமாக முடிந்துவிடும் என்று. இதற்குப் பதிலைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அப்புறம் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ வாயைத் திறக்க முடியாது.

பிடிக்காது என்பது உண்மைதான், நான் மறைத்ததும் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் அம்மா என்று பெருமையாகச் சொல்லி அவரை வீட்டுக்கு அழைத்து வந்தாய். ஊரார் ஓட்டுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அதை மட்டும் மிதிப்பதுதான் ஐயாவின் தொழில். அந்தத் தொழில் மனிதருக்குள்ளேயே இறங்கிவிட்டது. எதற்கெடுத்தாலும் ஒரு பிரேக். சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர் ஷட்டரை இழுக்கிறவரை இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். உனக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை கிடைத்துக் கிளம்பியபோது, ஒரே வருடம்தான் அம்மா, அவரும் வந்துவிடுவார், அவருக்கென்று வேறு வீடோ ஆளோ இல்லை, அதுவரை நம் மாடி அறையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வருடம் போய் இன்னொன்றும் போய்விட்டது. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் மனைவியோடு சேர்ந்து மாமனார் வீட்டில் இருப்பவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், மனைவியே இல்லாமல் மாமனார் மாமியாரோடு மட்டும் குடித்தனம் பண்ணுகிற மாப்பிள்ளையை நம் வீட்டில்தான் பார்க்கிறேன். விசா வந்து பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கிறது. எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டால் "அடுத்த மாசம் பாக்கலாம் அத்தை, ஸ்கூல்ல ஆள் இல்ல" என்பார். அடுத்த மாதமும் அங்கே ஆள் இருக்காது.

இந்த லட்சணத்தில்தான் அவருக்கு நூடுல்ஸ் பைத்தியம் பிடித்தது. நீ குடியிருக்கிற கட்டிடத்தின் கீழே ஒரு தாய்லாந்துக்காரர் கடை இருந்ததாமே, சனிக்கிழமை வேலை முடிந்து வந்து அங்கே ஒரு தட்டு அரிசி நூடுல்ஸ் சாப்பிடுவதுதான் வாரத்துக்கே உனக்கு ஒரு சந்தோஷம் என்று அவரிடம் சொன்னாயாமே. அப்புறம் அந்தக் கடையை மூடிவிட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறாய். நீ பேச்சுக்குச் சொல்லியிருப்பாய், சொன்னதே மறந்தும் போயிருக்கும். அவர் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடைய மூடிட்டாங்களாம் அத்தை, இனிமே அவளுக்குச் சனிக்கிழமைன்னு ஒண்ணு இல்ல" என்று நீ ஏதோ பட்டினி கிடப்பது மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பை சாமானோடு என் சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். ரிப்பன் மாதிரி தட்டை நூடுல்ஸ், புளி, வெல்லம், முளைவிட்ட பயறு, இறால், வெங்காயத்தாள், வறுத்த வேர்க்கடலை, இதெல்லாம் போதாதென்று மீனை உப்பில் ஊறவைத்து வடித்த சாஸ் ஒரு பாட்டில். மூடியைத் திறந்ததும் எதிர்வீட்டுத் தையல்காரி வந்து, அக்கா உங்கள் வீட்டில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா பாருங்கள் என்றாள். மாப்பிள்ளை நூடுல்ஸைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் குழைய வேகவைத்து, அதை மறுபடி வாணலியில் போட்டுக் கிண்டினார். போஸ்டர் ஒட்டலாம், அப்படி ஒரு பசை. உன் அப்பா அதையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்கு மாப்ளே" என்றார். அவருக்குத் தட்டில் ஏதாவது இருந்தாலே நல்லாத்தான் இருக்கும், கல்யாணமான நாளிலிருந்து அந்த நாக்கு எதையும் வேண்டாம் என்றதில்லை. நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மாமா சொல்வது கணக்கில்லை, அத்தை வாயால் என்றைக்கு நல்லாயிருக்கு என்று வருகிறதோ அன்றைக்கு டிக்கெட் போடுகிறேன், நேரே அவள் முன்னால் போய் நின்று அவள் அடுப்பிலேயே செய்து கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். விமானம் ஏறுவதற்கு மாமியார் நாக்கிடம் அனுமதி கேட்கிற ஆண்பிள்ளையை நீயே தேடிப் பிடித்தாய், நான் என்ன சொல்ல.

அதுவும் யாரிடம் வந்து மாட்டியிருக்கிறார் பார். ரெடிமேட் துணி ஃபேக்டரியில் சரிபார்க்கிற மேசையில் உட்கார்ந்து, காலர் கோணல், தையல் விட்டிருக்கிறது, பட்டன் இடம் மாறியிருக்கிறது என்று தள்ளித் தள்ளியே தலை நரைத்தவள் நான். வாரா வாரம் ஒரு குறை சொன்னேன். அடுத்த தடவை மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வாணலியில் மலை மாதிரி குவித்தார், நம் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதானே சாப்பிடுகிறோம் என்று. வாணலி சூடு இறங்கி, பயறு தண்ணீர் விட்டு, நூடுல்ஸ் வறுபடுவதற்குப் பதிலாகக் குளித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை வெல்லம் கரைவதற்குள் அவசரப்பட்டுக் கொட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழிக்கு வந்தார். நூடுல்ஸைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, வளைத்தால் உடையாத பதத்தில் எடுத்தார். புளியும் வெல்லமும் மீன் சாஸும் தனியாகக் காய்ச்சி வைத்துக்கொண்டார். வாணலியில் புகை வந்த பிறகு இறாலைப் போட்டு எடுத்து, நூடுல்ஸைப் போட்டுப் புரட்டி, ஓரமாக ஒதுக்கி முட்டையை உடைத்து ஊற்றி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இறக்கினார். ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான். முதல் தட்டு எனக்கு, அடுத்தது அப்பாவுக்கு, தனக்குக் கடைசியில். இந்த மகானுபாவரால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆளுக்கொரு நேரம் சாப்பிடுகிறோம், சமையலறைச் சுவரெல்லாம் எண்ணெய்த் தெறிப்பு, அதை அவரேதான் துடைக்கிறார் என்பது வேறு விஷயம். உனக்கு ஒன்று சொல்கிறேன், நூடுல்ஸ் சரியாக வந்து பல வாரம் ஆகிவிட்டது. புளிப்பு, இனிப்பு, உப்பு எல்லாம் கச்சிதம். நான்தான் ஒரு வாரம் புளிப்பு அதிகம் என்றேன், அடுத்த வாரம் இனிக்கிறது என்றேன், இன்னொரு வாரம் நூடுல்ஸ் விறைப்பாக இருக்கிறது என்றேன். மனிதர் அதையும் நம்பி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தலையாட்டினார். அவர் செய்த ஒன்றை நன்றாயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் கல்யாணத்திலிருந்து வராத வார்த்தை நூடுல்ஸுக்காக வந்துவிடுமா.

அப்படி இருக்கும்போதுதான் உன் மெசேஜ் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் சமையலறைக்குப் போனேன். உனக்காக இல்லை, விஷயம் தெரியாமல் ஒரு மனிதர் என் வீட்டில் உனக்காக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாப்பிள்ளை, உங்களிடம் ஒரு விஷயம் சொல்லணும் என்றேன். "ஒரு நிமிஷம் அத்தை, இப்பப் பேசினா அடி பிடிச்சிடும், மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நின்றுகொண்டே சாப்பிட்டேன். அவர் சட்டை முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. அப்பாவுக்கு ஒன்று கிண்டி ஹாலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தனக்குப் போட்டார். இறாலெல்லாம் எங்கள் இரண்டு பேர் தட்டுக்கே போய்விட்டது, மிச்சம் இருந்த உடைந்த நூடுல்ஸும் கொஞ்சம் பயறும் ஒரு முட்டையும்தான் அவருக்கு. வாரா வாரம் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறார், நான் கவனித்ததே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து "என்னமோ சொல்ல வந்தீங்களே அத்தை, இன்னிக்கும் புளிப்பு ஜாஸ்தியா" என்று கேட்டார். நல்லாயிருக்கு மாப்பிள்ளை என்றேன்.

வாய் தவறி வந்தது என்று நினைக்காதே, இரக்கப்பட்டுச் சொன்னேன் என்றும் நினைக்காதே. நூடுல்ஸ் நன்றாக இருந்தது, சொன்னேன். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார், நான் இன்னொரு தடவை சொன்னேன். ஹாலில் உன் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, யார் அது, உங்க அத்தையா சொன்னது என்றார். தன் தட்டை மேடையிலேயே வைத்துவிட்டு மாடிக்கு ஓடியவர், நூடுல்ஸ் ஆறுவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அங்கே வந்து சேருகிறார். அந்த நாற்றம் பிடித்த பாட்டிலை இப்போதே பாலிதீன் பையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார், அதெல்லாம் அந்த ஊரில் கடைக்குக் கடை கிடைக்கும் என்றால் காதில் வாங்கவில்லை. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை, திடீர்னு போய் நிக்கணும்" என்று கெஞ்சினார். நான் உன்னிடம் சொல்லிவிட்டேன். உனக்கு யோசிக்க நேரம் வேண்டுமே என்றுதான், ஓடி ஒளிய நேரம் வேண்டுமே என்று இல்லை.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டையைத் தள்ளுகிறவள் எவளோ, அவளேதான் அதை எடுத்துக்கொண்டு போய்த் தைத்தவளின் மெஷினில் வைத்து, இது ஆகாது, இங்கே பார் என்று காட்ட வேண்டும், கூடையில் போட்டு வேறு ஆளிடம் கொடுத்தனுப்பக் கூடாது. புதிதாக வருகிற பெண்களுக்குத் தள்ளுவது கஷ்டமாக இருக்காது, கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால்தான் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். என்னை அங்கே யாருக்கும் பிடிக்காது, ஆனால் இவள் முதுகுக்குப் பின்னால் பேசினாள் என்று ஒருத்தியும் சொல்ல முடியாது. மாப்பிள்ளையையும் அவர் முகத்துக்கு நேரேதான் மட்டம் தட்டியிருக்கிறேன், உன்னிடம் சொன்னது எதையும் அவரிடம் சொல்லாமல் விட்டதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது ஆளைப் படுக்க வைத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்று பட்டனை அமுக்குவோம் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் அது சரி. கட்டின புருஷன் விஷயத்திலும் என்னைத் தடுப்பாக நிறுத்திவிட்டுப் பட்டனை அமுக்கப் பார்க்கிறாயே, அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, வாழப்போகிறவள் நீ, பிடிக்காதவரோடு பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டு என்று சொல்கிற அம்மா நான் இல்லை. ஆனால் எனக்கு அவர் மேல் இருக்கிற இளக்காரம் என்னுடையது, அதை நீ உன் வேலைக்கு இரவல் வாங்க முடியாது.

அதனால் அந்த சனிக்கிழமை ஷிஃப்ட் மாற்றிப் போட்டுக்கொண்டு எங்கேயாவது போய்விடாதே. விமான நிலையத்துக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம், கதவைத் திற. சமைக்க விட்டால் விடு, இல்லாவிட்டால் வாசலிலேயே சொல்லு, உட்கார வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. சுற்றி வளைக்காதே, வேலை அதிகம், மனசு சரியில்லை, கொஞ்ச நாள் போகட்டும் என்று மழுப்பாதே, அந்த மனிதர் கொஞ்ச நாள் என்றால் அதையும் நம்பி அங்கேயே காத்துக்கொண்டிருப்பார். அழுதால் அழட்டும், நீயும் அழு, என்னைக் கூப்பிட்டுப் போனை அவர் கையில் கொடுக்காதே. ஒருவேளை பார்த்த பிறகு உன் மனசு மாறினால் அதையும் நீயே சொல்லு. வேலை முடிந்து வந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்கிற பழக்கத்தை விடு, கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பது வீடியோவிலேயே தெரிகிறது. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், அவருக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நீ எந்த முடிவு எடுத்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதை மனசாரத்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். நீ அவரை வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அவருக்குத் திரும்பி வர இந்த வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. மாடி அறையை நான் காலி பண்ணப் போவதில்லை, யார் வந்து கேட்டாலும் கொடுக்கப் போவதும் இல்லை. அவரைப் பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அதற்கப்புறம் நீ ஊருக்கு வருவதாக இருந்தால், முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு வா. அவர் வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா