கொற்றி எடுத்த படம் குறித்துத் தென்கழி வேந்தர்க்கு

மழை தவறாது பெய்க. இரு நாட்டு எல்லைக் குளங்களும் நிறைக.

தென்கழி நாட்டின் காவலர், பகைவரும் புகழும் வள்ளல், மாமன்னர் பொலங்கிள்ளிவேள் அவர்களின் திருமுன்பு, வடமுகை நாட்டு வேந்தர் ஆணைப்படி அவர்தம் பேரமைச்சன் நெடுஞ்சேந்தன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கோலும் நலமே விளங்குக.

சென்ற கார்காலத்து வெள்ளத்தில் எம் மீனவர் வீடிழந்து நின்றபோது, தாங்கள் அழையாமலே வந்து, தங்கள் கையாலேயே அரிசி அள்ளி வழங்கினீர்கள். அந்நன்றியை எம் நாடு மறவாது. அக்காட்சியை இடுப்பளவு நீரில் நின்று ஒளிப்படமாக எடுத்தவள், படம் விற்றுப் பிழைக்கும் எம் குடிமகள் கொற்றி. உலகோர் காண அதனை இணையத்தில் இட்டபோது, தன் பெயரை அவள் படத்தின் நடுவே பொறித்திருக்கலாம்; தங்கள் திருமுகத்தின்மேல் எழுத்து ஓடுவது மரியாதையன்று எனக் கருதி, ஓரத்தில் சிறிதாகப் பொறித்தாள். அந்த ஓரத்தைத்தான் தங்கள் செய்தித்துறை அதிகாரிகள் வெட்டி எறிந்தார்கள்.

இன்று அப்படம் 'அரண்மனைப் படம்' என்ற பெயரோடு தங்கள் நாட்டுத் தெருவெங்கும் பதாகையாய் நிற்கிறது. கொற்றியிடம் படம் வாங்க வருவோரோ, அரண்மனைப் படத்தைத் திருடி உன் பெயரைப் போட்டாயோ என்று அவளையே கேட்கிறார்களாம். இதைக் கேட்டு யாம் கொண்ட சினம் சிறிதன்று.

அவள் முறையிட்டதற்கு அதிகாரிகள் விடுத்த மறுமொழியும் எம் கைக்கு வந்தது. இணையத்தில் கிடப்பது ஊர்ப்பொது என்றும், அன்றியும் அவள் படத்தில் படகு இடப்புறம் நிற்க, அரண்மனைப் படத்தில் வலப்புறம் நிற்பதால் இரண்டும் வேறுவேறு என்றும் சாதித்திருக்கிறார்கள். உண்மைதான், படகு இடம் மாறியிருக்கிறது. களவு தெரியாதிருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டவர்கள், படகோடு தங்கள் கையும் மாறுமென்று எண்ணவில்லை. தெருவுக்குத் தெரு, வேந்தே, தாங்கள் ஏழைக்கு இடக்கையால் அரிசி இடுகிறீர்கள்.

வலக்கையால் வழங்கும் மூலப்படம் கொற்றி ஒருத்திக்கே உரியது. அதை வாங்கித் தருமாறு எமக்கு எழுத வேண்டா. அது எம் வேந்தருடையதும் அன்று. அவரே தம் அவையில் மாட்ட அவளைக் கேட்டுத்தான் மாட்டினார். கேட்டதால் முடி சாய்ந்துவிடவில்லை. ஆகவே பதாகைகளை இறக்கி, படம் அவளுடையதென்று ஊரறியப் பறையறைவித்து, பின்னர் அவளிடமே கேட்டருள்க. தருவதும் மறுப்பதும் அவள் விருப்பம்.

இது எம் வேந்தர் வாக்கு. கலைமான் முத்திரை இட்டோம். இவ்வோலையை யாரும் படிக்கலாம், படியெடுக்கலாம். அடியிலுள்ள பெயரை மட்டும் வெட்ட வேண்டா.

பேரமைச்சன் நெடுஞ்சேந்தன்