மேதை செய்த பதினோரு குற்றங்கள்

மார்ச் 3, ஞாயிறு. காலை 9.40. ஓட்டைகள்: 61.

காரில் துரு தின்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணினேன். தரையில் 34, கதவுகளின் அடியில் 15, டிக்கியில் 12. விரலால் குத்தினால் உள்ளே போகிற இடங்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் மனசு விட்டுப்போகும்.

வண்டி அப்பாவுடையது. பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. என் மூன்றாவது வயதில் ஷெட்டுக்குள் போனது, இருபத்து மூன்று வருடமாக வெளியே வரவில்லை. நேற்றுப் பழைய இரும்புக்காரர் வந்து, தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி பானட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கனம் தம்பி" என்றார். அம்மா எடைக்கு என்ன விலை என்று கேட்டாள். நான் குறுக்கே விழுந்தேன்.

ஒப்பந்தம் இதுதான். ஜூன் 30க்குள் வண்டி அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். 23 கிலோமீட்டர், கடைசி ஆறு மலைப்பாதை. எங்கேயும் தள்ளக் கூடாது. தள்ளினால், ஜூலை 1 காலை இரும்புக்காரருக்கு.

"கிடார், ட்ரோன், உடற்பயிற்சி மெஷின்னு நீ ஆரம்பிச்சதுல முடிச்சது சாப்பாடு ஒண்ணுதான்டா" என்றாள் அம்மா.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பம்ப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பம்ப் கேட்டைத் தாண்டாது. இதெல்லாம் ஒரு வேலையா?

மார்ச் 10, ஞாயிறு

எனக்கு முன்னால் இந்த வண்டியில் யாரோ கை வைத்திருக்கிறான். சாதாரண ஆள் இல்லை, மேதை. அவன் குற்றங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டேன்.

குற்றம் 1: கிளட்ச் பெடல்மேல் மரக்கட்டை வைத்துத் திருகியிருக்கிறான். குற்றம் 2: ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இன்னொரு கட்டை. கால் எட்டாத குள்ளன், தான் வளர முடியாததற்கு வண்டியை வளர்த்திருக்கிறான். குற்றம் 3: கிழிந்த சீட்டை வெல்டிங் கோடு மாதிரி நெருக்கித் தைத்திருக்கிறான். தையல் நன்றாகவே இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

இரண்டு கட்டைகளையும் பிடுங்கி எறிந்தேன். சாப்பிடும்போது சொன்னேன். அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா அவர் தலையில் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

மார்ச் 23, சனி

இன்ஜின் சுற்றவில்லை. பிளக் துளை வழியாக டீசல் ஊற்றிவிட்டு, துரு இளகக் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

மார்ச் 24, ஞாயிறு

இன்னும் காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு. ஓட்டைகள்: 38.

இன்ஜின் ஒரு பல் அளவு அசைந்தது. பிறகு இரண்டு. பிறகு முழுச் சுற்று! கத்தினேன். பக்கத்து வீட்டு நாயும் கத்தியது. வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை.

குற்றங்கள் ஆறாகிவிட்டன. ஆறாவது: புகைக்குழாயைத் துணி காயப்போடும் கம்பியால் கட்டியிருக்கிறான். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காமல், "மேதை இந்த வாரம் என்ன பண்ணினான்?" என்று கேட்கிறாள். சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள ஒருத்தியாவது இருக்கிறாளே.

அம்மாதான் அவனுக்கு வக்கீல். "கையில என்ன கெடச்சுதோ அத வெச்சுப் பண்ணியிருப்பான், பாவம்" என்றாள். கையில் கிடைத்தது இருக்கட்டும், தலைக்குள் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். அப்பாவுக்கு மறுபடி புரை. அவரை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மே 12, ஞாயிறு. ஓட்டைகள்: 17.

இன்று குற்றங்களின் சிகரம். எண் ஒன்பது.

பெட்ரோல் பம்பைக் கழற்றினேன். இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே இருக்க வேண்டிய பகுதியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மரத்துண்டு! எண்ணெய் குடித்துக் கறுத்த, அரை அங்குல மரம், நடுவில் உளியால் செதுக்கிய துளை. துடைத்துப் பார்த்தால் மேலெல்லாம் கத்திக் கீறல். வெங்காயம் நறுக்கிய பலகையை எடுத்து இன்ஜினில் வைத்திருக்கிறான். இது வண்டியா, சமையலறையா?

நேரே குப்பைக்கு.

மே 16, வியாழன்

மதிய இடைவேளையில் தொழிற்சாலை மெஷினில் அலுமினியத்தில் அதே அளவுக்கு ஒரு பட்டை செய்தேன். பிழை: ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஃபோர்மன் அண்ணன் பார்த்துவிட்டு, "போட்டோ எடுத்து வெக்கிறதுக்கா?" என்றார். பொறாமை.

மே 18, சனி

பட்டைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தாள் வெட்ட அம்மாவின் காய்ப்பலகையை எடுத்தேன். அதற்கு ஒரு மூலை கிடையாது, நான் பிறந்ததிலிருந்தே. தாள் அந்த மூலையில் வழுக்கி, கத்தி கட்டை விரலை வெட்டிவிட்டது. இந்த வீட்டில் ஒரு சாமானாவது முழுசாக இருக்கிறதா?

அம்மா கட்டுப்போட்டுவிட்டாள். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். என்ன என்றேன். ஒண்ணுமில்ல என்றாள்.

ஜூன் 2, ஞாயிறு. காலை 11.25.

ஓடியது!! நானே எதிர்பார்க்காத சத்தம். ஷெட் முழுக்கப் புகை. அப்பா இருமிக்கொண்டே கைதட்டினார். அம்மா வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நாலுல மூணுதான் வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பார்த்தேன். மூன்றாவது பிளக்கின் ஒயர் கழன்றிருந்தது. குருட்டாம்போக்கில் சொன்னதுதான்.

ஜூன் 15, சனி

குற்றம் 11, இதுதான் கடைசி என்று நினைக்கிறேன். முன்பலகையிலிருந்து கம்பளத்துக்கு அடியில் ஒரு நீல ஒயர் பின்சீட்டுவரை போகிறது. முனையில் ஒன்றுமே இல்லை. வேலை வெட்டி இல்லாத மேதை. உருவிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு. ஓட்டைகள்: 0.

பூஜ்யம். இதைக் கொஞ்சம் பெரிதாக எழுதலாம்: 0.

காலைக் குளிரில் சமதரையில் 12 கிலோமீட்டர் ஓட்டினேன். முனகல்கூட இல்லை. திரும்பும்போது தெருமுனையில் பழைய இரும்புக்காரரைப் பார்த்துக் கை காட்டினேன். அவரும் காட்டினார், ஆனால் முகத்தில் நம்பிக்கை குறைந்த மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம் ஷெட்டில் அம்மா. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "தூசி" என்றாள். எடை பார்க்கிறாளோ?

ஜூன் 30, ஞாயிறு

எப்படி எழுதுவது? வரிசையாகவே எழுதுகிறேன்.

எட்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அப்பாவுக்கு எந்தச் சட்டை என்று முடிவாகப் பதினொன்று. மலை ஏறத் தொடங்கியபோது உச்சி வெயில். மூன்றாவது வளைவில் வண்டி இரண்டு முறை விக்கியது, நின்றது.

பானட்டைத் திறந்தேன். டேங்கில் பெட்ரோல் இருக்கு. பிளக்ல பொறி வருது. பம்ப் மட்டும் எடுக்கல. தொட்டுப் பார்த்தேன், கை வெந்துடுச்சு. என் பட்டை, கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற என் பட்டை, இன்ஜின் சூட்டை ஒரு சொட்டு விடாமல் பம்புக்குக் கடத்திக்கொண்டிருந்தது. உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டது. வெப்பக் கடத்தல், இரண்டாம் ஆண்டுப் பாடம். அதில் எனக்கு 91 மதிப்பெண். நான் பம்ப் சோதிக்கிறவன்.

முடிந்தது. தள்ள வேண்டியதுதான். நாளைக்குத் தராசு. நாலு மாசம்... வாய்விட்டுத் திட்டினேன், வண்டியையா என்னையா தெரியல.

பின்சீட்டிலிருந்து அம்மா இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"கட்டை எங்கடா?"

"எந்தக் கட்டை?"

"பம்புக்கு அடியில வெச்சிருந்தேனே, அது."

வெச்சிருந்தேனே.

அவள் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பைச் சுற்றினாள். இருபது நிமிஷம் சும்மா நில்லு, தள்ள வேண்டாம் என்றாள். அப்பா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, நாலு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சிரித்துத் தீர்த்தார். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாதாம். பணம் கட்டியது அவர், பெயர் அவருடையது, ஓட்டியது, ரிப்பேர் பார்த்தது எல்லாம் அம்மா. நில அளவைத் துறையில் இருந்தபோது ஊர் ஊராக இதில்தான் தனியாகப் போயிருக்கிறாள். நடுவழியில் நின்றால் மெக்கானிக் எங்கே வருவான்?

"ஏன் சொல்லல?"

"யார் பண்ணாங்கன்னு நீ கேக்கவே இல்லையே. முட்டாள்னு மட்டும்தானே சொன்ன."

இருபது நிமிஷம் கழித்து வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. நகருடா என்றாள். லைசென்ஸ் என்று இழுத்தேன். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். போன வருடம் புதுப்பித்தது. ஒருமுறைகூடக் காலாவதியாக விட்டதில்லையாம். இருபத்து மூன்று வருடம், ஓட்ட வண்டி இல்லாமல்.

உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை.

"ஒண்ணாம் குத்தத்தையும் ரெண்டாம் குத்தத்தையும் புடுங்கிட்டியே, இப்ப குள்ளன் எப்படி ஓட்டுவான்?"

என் சர்வீஸ் மேனுவலை எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் அந்தப் புத்தகம் உருப்படியாக உதவியது அப்போதுதான்.

மிச்ச வளைவுகளை அவள்தான் ஓட்டினாள். நான் பின்சீட்டில். ஒவ்வொரு வளைவிலும் சரியான கியர், சரியான இடம். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். ஓட்டுநர் சீட்டில் யார் என்று பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வாங்க இன்ஜினியர் சார், மேதைய அறிமுகப்படுத்தட்டுமா?"

ஜூலை 1, திங்கள். காலை 7.15.

பழைய இரும்புக்காரர் தராசோடு வந்தார். அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள், வண்டி போய் வந்துவிட்டது, தள்ளவில்லை என்று. அவர் பானட்டைக் கடைசியாக ஒருமுறை தட்டிவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஓட்ட ஆசை இருந்தும் எதற்கு எடைக்குப் போடப் பார்த்தாள்? கேட்டேன்.

"அப்படிச் சொல்லலன்னா நீ ஒரு போல்ட்டையாவது தொட்டிருப்பியா?"

சரி, இன்னொன்றும் கேட்டுவிடலாம் என்று நீல ஒயரைக் காட்டினேன். கையில் வாங்கிச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "பின்சீட்ல ஒரு சின்ன பல்ப் வெச்சிருந்தேன். இருட்டினா நீ ஊரக் கூட்டுவ. அது எரிஞ்சாதான் வாய மூடுவ."

செய்ய வேண்டியவை:

1. பம்புக்கு அடியில் வைக்க, காய்ப்பலகையின் இரண்டாவது மூலையை அறுப்பது. அனுமதி வாங்கியாயிற்று. துளையை அவளே செதுக்குவாளாம்.
2. பெடல் கட்டை, சீட்டுக் கட்டை இரண்டும் அதே இடத்தில், அதே அளவில்.
3. அலுமினியப் பட்டை பழைய இரும்புக்காரருக்கு. இலவசம்.
4. அப்பாவுக்கு டாக்டர். தேவையில்லை.
5. குற்றப் பக்கத்தில் தலைப்பை மட்டும் அடிப்பது. பட்டியல் இருக்கட்டும், பாடத்துக்கு ஆகும்.
6. நீல ஒயரைத் திரும்ப இழுத்து முனையில் பல்ப் போடுவது. யாருக்கு என்று அக்கா கேட்டால் பதில் சொல்லக் கூடாது.