ராஜா கத்தியது தப்பு

அம்மணிக்கு, அப்பன் சொல்லச் சொல்ல எழுதியது.

கோயமுத்தூரில் செம்மொழி மாநாடு நடந்த வருடம், நிலத்தில் பங்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட உன்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். நீ மறுத்துவிட்டாய்.

நேற்று துடியலூரில் ஒரு படம் பார்த்தேன். பழைய இங்கிலீஷ் நாடகமாம்; ராஜா மகள்களுக்கு நாட்டைப் பிரிக்கிறார். ராஜா வேடத்துக்கு ஆள் பொருத்தம். ஆனால் கடைசி மகளைத் துரத்தும்போது கத்தினார். அது தப்பு. "இனி என் ஊட்டுக்கு வராதே" என்று நான் மெதுவாகத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை அழுதாள். நீ அழவில்லை, "சரிங்கப்பா" என்றாய்.

மகளிடம் ராஜா மண்டியிட்ட இடம் மட்டும் சரி. எனக்கு முழங்கால் மடங்காது, அதனால் கடிதம்.

அன்று அங்கிருந்த உன் அம்மா, அண்ணன், சாட்சி சுப்பண்ணன் யாரும் இப்போது இல்லை. என்னை மன்னிக்க மிச்சமிருப்பது நீ ஒருத்திதான், வசந்தாமணி.

கைநாட்டு,
அப்பன்