சாவி எதற்கு என்று கேட்கவில்லை

மகளுக்குக் கிரைண்டர் வேண்டுமாம். எடுத்துக் கொடுக்கலாமென்று இன்று கராஜில் அதன் மேலிருந்த துணியை உருவினேன். புளித்த மாவு வாடை. உதறினால் உங்கள் ஜெர்மன் கிராமத்துக் கொடி. நீங்கள் போன பிறகு எனக்குக் கடை மாவுதான். கொடியை அங்கே போட்டது நான் என்பதே மறந்திருந்தது.

நம் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் நீங்கள் வேலை பார்த்த ஊர். கிளம்பும்போது ஊர்த் தலைவர் கொடியை மடித்துக் கையில் கொடுத்து, "இது உன் ஊரும்தான்" என்றாராம். இத்தனை வருஷத்தில் நாம் குடியேறிய இந்த அமெரிக்க ஊர் மான்மவுத் ஜங்ஷனில் யாரும் உங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஒவ்வொரு கோடையிலும் அதை வாசலில் கட்டுவீர்கள். பச்சையும் மஞ்சளும், நடுவில் கேடயம், அதற்குள் சக்கரம், நீல வளைவு, சாவி என்று ஊரின் சின்னங்கள். எனக்கு மானம் போகும். "சுயேச்சை வேட்பாளர் வீடு மாதிரி இருக்கு. சாவிச் சின்னத்துல நிக்கிறீங்களா?" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு ஆரம்பிப்பீர்கள்: "இந்தச் சக்கரம் மாவு மில்லோடது. நீல வளைவு ஆறு. சாவி எதுக்குன்னா..." அதற்குள் குக்கர் விசிலடிக்கும், இல்லையென்றால் எனக்கு போன் வரும். "அப்புறம் சொல்லுங்க" என்று உள்ளே போய்விடுவேன்.

மகளின் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் ஊரான கேட்டியிலிருந்து வந்த அன்று, "ப்ளீஸ், இன்னிக்கு மட்டும் அதை ரிமூவ் பண்ணிடுங்க. அவங்க கேட்டா நான் என்னன்னு எக்ஸ்பிளெய்ன் பண்றது?" என்றேன். கழற்றிக் கொடுத்தீர்கள். நான் வாங்கிக் கிரைண்டர் மேல் போட்டேன். அவர்கள் போனதும் திருப்பிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்த கோடையிலும் வாசல் மொட்டையாகவே இருந்தது. வாரா வாரம் மாவரைக்க நீங்கள்தானே அந்தத் துணியை எடுத்து, திரும்பப் போர்த்தினீர்கள்! எப்படி மனசு வந்தது உங்களுக்கு? எனக்கு எப்படி வந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

இரண்டு தடவை அலசியும் மாவுக் கறை போகவில்லை. மகள் பிரித்துப் பார்த்து, "அம்மா, இந்த கீ எதுக்கு?" என்றாள். சக்கரத்தைச் சொன்னேன். ஆற்றைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

"ஊர் பேரைப் போட்டு சர்ச் பண்ணும்மா, வந்துடும்" என்கிறாள். வரும்தான். நான் தேடப் போவதில்லை. அதையும் தெரிந்துகொண்டுவிட்டால், உங்களிடம் கேட்க எனக்கென்று ஒன்றுமே மிச்சமிருக்காது.