குளிர்கால விருந்து

மில்பிடாஸ்
அக்டோபர் 2006

அன்புள்ளவளே, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமிக்கு உடம்பு தேவலையா? அவரைக் கவனிக்க நீ ஊருக்குப் போயிருக்க, நான் வேலையாக ஜப்பானில் இருந்தபோது, பக்கத்து வீட்டு தாஜ் நம் மகள் தஹ்ஸீனை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். நோன்புக் கஞ்சிகூடக் காய்ச்சிக் கொடுத்தாளாம்.

நாகசாகியில் வேலை முடிந்ததும் மேனேஜரோடு தெஜிமா பார்க்கப் போனேன். ஒரு காலத்தில் டச்சு வியாபாரிகளை ஊருக்குள் விடாமல் அடைத்து வைத்திருந்த இடம். அவர்களுடைய வீடுகளை இப்போது அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மேஜை நிறைய, விருந்துக்குப் பரிமாறியதுபோல் பொம்மை உணவுகள். அந்தக் காலத்தில் ஜப்பானில் கிறிஸ்தவ மதத்துக்குத் தடையாம். அதனால் கிறிஸ்துமஸைக் குளிர்கால விருந்து என்று சொல்லிக் கொண்டாடினார்களாம்.

வியாபாரத்துக்காகப் பண்டிகையின் பேரையே மாற்றிவிட்டார்களே என்று மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் லஞ்சுக்குக் கூப்பிட்டார். நோன்பு வைத்திருந்தேன். வழக்கம்போல, “ஐ’ம் ஆன் எ டயட்” என்றேன்.

என்னை யாரும் எங்கேயும் அடைத்து வைக்கவில்லை.

நேற்று தஹ்ஸீனும் நோன்பு. ஸ்கூலிலிருந்து கூட்டிவந்தேன். “லஞ்ச் டைம்ல ஏன் சாப்பிடலன்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்கலையா?” என்றேன்.

“ஐ டோல்ட் தெம் டயட், வாப்பா. லைக் யூ சே ஆன் த ஃபோன்.”

பத்து வயதுப் பிள்ளை. பெருமையாகத்தான் சொன்னாள்.

நோன்பை நோன்பு என்றே சொல்லலாம் என்று நீ அவளிடம் சொல். நான் சொன்னால் அவள் எதற்கு நம்ப வேண்டும்?

இப்படிக்கு,
உன் பிள்ளையின் வாப்பா